இடது சக்கரம்

அந்த இரண்டு வண்டிகளுக்கும் பட்டப்பெயர் வைத்தது அத்தான்தான். சாம்பல் நிற வண்டி மாமியார். கரும்பச்சை வண்டி மாப்பிள்ளை.

"இவ இருக்காளே, ரோட்டுல ஒரு கல்லு கிடந்தாக்கூட உள்ள வந்து சொல்லிடுவா," என்று சாம்பல் வண்டியின் நீண்ட மூக்கைத் தட்டிக்காட்டினார். "கொஞ்சம் அவசரப்பட்டு மிதிச்சோம்னு வை, பின்பக்கத்தை ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவா. ஒழுங்கா நடந்துக்கிட்டாதான் மரியாதை. அவன் அப்படி இல்ல. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. குழி, மேடு எதுவும் அவனைத் தொடாது. எதைக் கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டுவான். மனசுல என்ன இருக்குன்னு மட்டும் கடைசிவரைக்கும் பிடிகொடுக்க மாட்டான்."

"நீங்களும் எங்க வீட்டு மாப்பிள்ளைதான் அத்தான்," என்றாள் இளையவள்.

"அதனாலதானே தைரியமா சொல்றேன்."

கார் பத்திரிகை ஒன்றில் இருவருக்கும் வேலை. அவர் ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர். அவள் வண்டித் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவள். அக்காவின் கணவரும் கொழுந்தியாளுமாக ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் அந்தப் பத்திரிகையின் கவர்ச்சி. ஒரே பாதை, இரண்டு வண்டிகள், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். கடைசியில் எது நல்லது என்பதில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். அந்தச் சண்டையைப் படிப்பதற்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. வளைவுக்கு முன்னால் அவள் சீக்கிரமே பிரேக் பிடித்துவிடுகிறாள் என்று அவளை அத்தான் 'பிரேக்கு' என்று கூப்பிடுவார். அவள் கோபித்துக்கொள்வதில்லை. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால்தான் முறைப்பாள்.

இந்த முறை கையில் இருந்தவை சாதாரண வண்டிகள் இல்லை. ஒரே பகலில் ஒரு நாட்டைக் குறுக்கே கடந்து, சட்டை கசங்காமல் இறங்கிப் போய் விருந்தில் உட்காரக்கூடியவர்களுக்காகச் செய்தவை. மாமியாருக்கு முன்னால் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். வலு முழுக்கப் பின்சக்கரங்களுக்கு. மாப்பிள்ளைக்கு எட்டு சிலிண்டர்தான், ஆனால் இரட்டை டர்போ, நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை, காற்று நிரப்பிய சஸ்பென்ஷன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளியுலகத்தின் கழுத்தை யாரோ அமுக்கிவிட்டதுபோல் சத்தம் நின்றுவிடும்.

புறப்பட்டபோது மாமியாரை அவர் எடுத்துக்கொண்டார். இளையவள் மாப்பிள்ளையில் பின்னால் வந்தாள். இரண்டு வண்டியிலும் வாக்கி டாக்கி இருந்தது. பத்திரிகைக்குப் படம் எடுக்கும் படக்காரர் தன்னுடைய வேனில் முன்னமே மலைப்பாதைக்குப் போய்விட்டார்.

நெடுஞ்சாலை ஏறிக் கொஞ்ச நேரத்துக்குள் அத்தானின் குரல் வந்தது. "பிரேக்கு, எழுதிக்கோ. சத்தம் அமிர்தம். ஸ்டீயரிங் பேசுது. ஆனா ரோட்டுல இருக்கிற குழியெல்லாம் இடது சக்கரம்தான் தேடித் தேடிப் போய் விழுது."

அவள் முன்னால் பார்த்தாள். சாம்பல் வண்டி சாலையின் இடது ஓரத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. இடது சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் உருண்டன. சின்னச் சின்னக் கற்கள் தெறித்து அவளுடைய பானெட்டில் விழுந்தன.

"ஓரமா போறீங்க அத்தான்."

"எங்க ஓரம்? நட்ட நடுவுல போறேன்."

சக்கரங்களின் அலைன்மென்ட் சரியில்லை போலிருக்கிறது, இவ்வளவு விலைக்கு விற்கிற வண்டியைப் பார்த்து அனுப்பியிருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். இறங்கியதும் சாம்பல் வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்க இடது சக்கரத்தின் பளபளப்பான விளிம்பில் புதிதாக ஒரு நீளக் கீறல். எங்கோ ஓரக்கல்லில் உரசியிருக்கிறது. அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "வாங்கிட்டு வரும்போதே இருந்திருக்கும்," என்றார். இல்லை என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவளே துடைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனாலும் அவர் கீறல் போட்டு அவள் பார்த்ததே கிடையாது. அப்படி ஒன்றை நினைப்பதற்கு மனசு உடனே வழிவிடவில்லை.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் இரண்டு டீயும் ஒரு தட்டில் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். அத்தான் தன் டீயைக் குடித்துக்கொண்டே டர்போவைப் பற்றிப் பேசினார். பிறகு அவளுடைய கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏன், எனக்கெல்லாம் ரொட்டி கிடையாதா? அக்கா சொல்லி அனுப்பினாளா, பட்டினி போடச் சொல்லி?" என்றார்.

தட்டு அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் சிரித்தாள். அவர் எப்போதும் இப்படி ஏதாவது பண்ணிக்கொண்டுதான் இருப்பார். தட்டை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள். "அட," என்று எடுத்துக்கொண்டார். காசு வாங்க வந்த கடைக்காரர் அவருக்கு இடப்பக்கம் கைநீட்டி நின்றார். அத்தான் திரும்பவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் ஒருமுறை செருமினார். அப்புறம் முகம் சுண்டிப்போய் அவளிடம் கையை நீட்டினார்.

போன மாதம் அக்கா போனில் அழுதது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. "முன்ன மாதிரி இல்லடி அவரு. பக்கத்துல வந்து நிக்கிறேன், ஒரு மனுஷி நிக்கிறாளேன்னு திரும்பிக்கூடப் பார்க்கல. கதவுல இடிச்சுக்கிறாரு, கேட்டா என்மேலயே எரிஞ்சு விழறாரு. என்னமோ மனசுல வச்சிருக்காரு." புருஷன் பெண்டாட்டி சண்டை, நாம் எதற்கு நடுவில் என்று அன்று இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லி போனை வைத்திருந்தாள்.

வண்டிகளை மாற்றிக்கொண்டார்கள். காலியான நேர்சாலையில் மாமியாரின் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் மெல்ல எடுத்துப் பார்த்தாள் இளையவள். வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிற்று. இடப்பக்கம் துளிகூட இழுக்கவில்லை. குழிகளைத் தேடவும் இல்லை.

முன்னால் பச்சை வண்டி ஓரத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. காலையில் சாம்பல் வண்டி போனதைப்போலவே. இடது கண்ணாடி ஒரு மைல்கல்லை உரசுகிற மாதிரி தாண்டியது.

"பிரேக்கு," வாக்கி டாக்கி கரகரத்தது. "இவனுக்கு அகலம் ஜாஸ்தி. எங்க ஆரம்பிக்கிறான், எங்க முடியறான்னே தெரியல. ஸ்டீயரிங் சுத்த ஊமை."

குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வண்டிகள் எப்படி ஒரே கோட்டில் போகும்? கேட்டுவிடலாம் என்று பொத்தானை அழுத்தினாள். என்ன கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தியபோது வானம் கறுத்திருந்தது. மூடுபனி கீழிறங்கி மரங்களின் உச்சியைத் தின்றுகொண்டிருந்தது. படத்துக்கு மாமியாரைத்தான் ஓட்டுவேன் என்று அத்தான் பிடிவாதமாகச் சொன்னார். ஈரத்தில் பின்பக்கம் லேசாக வழுக்கிப் போகிற அழகு மாப்பிள்ளையிடம் வராது. பாலம் தாண்டி வரும் பெரிய இடது வளைவின் உள்பக்க ஓரத்தில் படக்காரர் தரையோடு தரையாகப் படுத்து எடுப்பதாக ஏற்பாடு. அவர்கள் மூவரும் பலமுறை செய்ததுதான். "உங்க அத்தான் ஒரு முழம் தள்ளிப் போவாரு, முழத்துக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல," என்று படக்காரர் எல்லோரிடமும் பெருமையடிப்பார்.

"அத்தான், உடம்புக்கு எதுவும் இல்லையே?" என்று கேட்டாள்.

"ஏன்? உன் அக்கா ஏதாவது ஓதிட்டாளா?"

"சும்மா கேட்டேன். தலைவலி, மயக்கம்..."

"எனக்கு உன் கேள்விதான் தலைவலி. வா, வெளிச்சம் போயிடும்." சாவியை வாங்கிக்கொண்டு போய் ஏறினார். அவள் பச்சை வண்டிக்கு வந்தாள். அதன் இடது சக்கர விளிம்பிலும் கீறல் விழுந்திருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. சாம்பல் வண்டி முன்னால் ஏறியது. பன்னிரண்டு சிலிண்டரின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பிவந்தது. ஓட்டுவதில் அவர் குறை வைக்கவில்லை என்பதுதான் அவளைக் குழப்பியது. வலது வளைவுகளில் எண்ணெய் வழிவதுபோல் போனார். இடது வளைவுகளில் மட்டும் உள்பக்கத்துப் பாறையைக் கிள்ளிக்கொண்டு போனார்.

மூன்றாவது திருப்பத்துக்கு மேல் ஒரு ஆள் சைக்கிளில் விறகுக்கட்டோடு ஓரமாக ஏறிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்தே தெரிந்தான், மஞ்சள் மழைச்சட்டை. சாம்பல் வண்டி விலகும் என்று அவள் காத்திருந்தாள். விலகவில்லை. வேகமும் குறையவில்லை. வண்டியின் இடது கண்ணாடி விறகுக்கட்டைத் தட்டியது. சைக்கிள் ஆளோடு சேர்ந்து ஓடைக்குள் சாய்ந்தது. சாம்பல் வண்டியின் பிரேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

ரோட்டில் நாய்க்குட்டி படுத்திருந்தால் இறங்கிப்போய்த் தூக்கி ஓரத்தில் விடுகிற மனுஷன் அவர்.

அவள் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். அந்த ஆள் முழங்காலில் சேறோடு எழுந்து நின்று கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தான். எலும்பு எதுவும் முறிந்ததாகத் தெரியவில்லை. "மன்னிச்சிடுங்க, திரும்பி வர்றேன்," என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மறுகையில் வாக்கி டாக்கி.

"அத்தான், அந்தச் சைக்கிளைப் பார்த்தீங்களா?"

"எந்தச் சைக்கிள்?"

குரலில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. ரொட்டித் தட்டு, கைநீட்டி நின்ற கடைக்காரர், பக்கத்தில் வந்து நின்ற அக்கா, இரண்டு சக்கரங்களின் கீறல் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து சேர்ந்துகொண்டன. அவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. இன்னும் இரண்டு திருப்பம் தாண்டினால் ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் இடது ஓரத்தில், தரையில், கண்ணைக் கேமராவில் வைத்தபடி ஒருவர் படுத்திருக்கிறார்.

"அத்தான், நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க!"

"பிரேக்கு, ஆரம்பிச்சிட்டியா?" சிரித்தார். அதற்குள் மலை குறுக்கே வந்துவிட்டது. வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். படக்காரரைக் கூப்பிட்டாள். அங்கேயும் இரைச்சல்தான்.

மிதித்தாள். பச்சை வண்டி ஒரு கேள்வியும் கேட்காமல் பாய்ந்தது. ஈரச் சாலையில் நான்கு சக்கரமும் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டன. உள்ளே சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. வைப்பர் மட்டும் மெத்தென்று அசைந்தது. வேகமே இல்லாததுபோலிருந்தது. முன் கண்ணாடியில் ஒளியாக மிதந்த வேக எண்ணைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த வேகத்தில் அந்தச் சாலையில் அவள் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. அடுத்த திருப்பத்தில் வண்டி தானே ஒரு சக்கரத்தைப் பிடித்து, இன்னொன்றை விட்டு, அவளை உள்ளே இழுத்துவந்து சேர்த்தது. அது எவ்வளவு தூரம் தாங்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று அவளிடம் சொல்லவே இல்லை.

பாலத்துக்கு முந்தைய நேர்சாலை வந்தது. சாம்பல் வண்டி முன்னால் தெரிந்தது. எதிர்ப்பக்கம் சாலை பள்ளத்தாக்கைச் சுற்றி வளைந்து போவதால் ஏதாவது வண்டி வருகிறதா என்று இங்கிருந்தே பார்க்கலாம். எதுவும் இல்லை.

இன்று மாறி மாறி ஓட்டியது அவளுக்குக் கைகொடுத்தது. மாமியாரை ஓட்டுகிறவர் ஈரப் பாலத்தின் மேல் காலைத் தூக்கித்தான் ஆகவேண்டும். பாலத்து இரும்பு இணைப்பில் பின்சக்கரம் சறுக்கினால் மாமியார் மன்னிக்க மாட்டாள். மாப்பிள்ளைக்கு அந்தக் கவலை கிடையாது. அத்தான் எவ்வளவு முன்னால் வேகத்தைக் குறைப்பார் என்றும் அவளுக்குத் தெரியும். அந்த இடைவெளி போதும். தாண்டுவது வலப்பக்கமாகத்தான், அந்தப் பக்கம் அவருக்குப் பார்வை இருக்கிறது.

சாம்பல் வண்டியின் சத்தம் தணிந்தது. காலைத் தூக்கிவிட்டார். அவள் வலப்பக்கம் திருப்பி ஏறினாள். பாதாளத்து ஓரத்துத் தடுப்புச்சுவர் ஜன்னலுக்கு வெளியே ஒரே கோடாக ஓடியது. ஒரு கணம் இரண்டு வண்டிகளும் பாலத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் போயின. அத்தானின் முகம் அவள் பக்கம் திரும்பியது. வாய் ஏதோ கெட்ட வார்த்தையைச் சொன்னது. அவள் முன்னால் புகுந்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினாள். மெதுவாக, இன்னும் மெதுவாக. பின்கண்ணாடியில் அந்த நீண்ட மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. வெட்டி ஒருமுறை ஆடியது. மறுபடி நேரானது. வளைவு தொடங்கும் இடத்தில் இரண்டும் நின்றன. நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இல்லை.

அத்தான் கதவை அறைந்து சாத்திவிட்டு மழையில் வந்தார். "உனக்குப் பைத்தியமா? பாலத்து மேல ஓவர்டேக்கா? ரெண்டு பேரும் செத்திருப்போம்! உன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அவளால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டு இறங்கினாள்.

சத்தம் கேட்டு வளைவிலிருந்து படக்காரர் ஓடிவந்தார். முழங்கை, வயிறு எல்லாம் சேறு. கேமராவை மழைச்சட்டைக்குள் அணைத்தபடி அத்தானின் இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சுவாங்கினார்.

"அவனையும் கூப்பிடு," என்று அத்தான் அவளைப் பார்த்துக் கத்தினார். "அவனும் கேட்கட்டும் நீ பண்ணின காரியத்தை. எங்க போய்த் தொலைஞ்சான் அவன்?"

படக்காரர் வாயைத் திறந்தார். இளையவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மழை மூன்று பேர் மேலும் பெய்தது. படக்காரர் அத்தானையே பார்த்தார். பிறகு தான் படுத்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்தது.

"எங்க அவன்?" என்றார் அத்தான் மறுபடி.

"உங்க பக்கத்துலதான் அத்தான்," என்றாள்.

அவர் தலையை முழுக்கத் திருப்பினார். ஒரு கை தூரத்தில் நின்ற ஆளைப் பார்த்ததும் பேயைக் கண்டவர்போல் பின்வாங்கி, சாம்பல் வண்டியின் மேல் இடித்துக்கொண்டார்.

இரண்டு வண்டிகளையும் ஓரங்கட்டிவிட்டு, வந்த வழியே படக்காரரின் வேனில் இறங்கும்போது சைக்கிள்காரனைத் தேடினார்கள். ஓடையோரத்தில் விறகு மட்டும் சிதறிக் கிடந்தது. ஆளையும் சைக்கிளையும் காணவில்லை. அத்தான் வலது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இடையில் ஒருமுறை மட்டும், "களைப்பா இருந்திருக்கும்," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அக்காவும் வந்துசேர்ந்த பிறகு டாக்டரம்மா அவரை எதிரே உட்காரவைத்து இரண்டு கைகளையும் விரித்தார். "என் மூக்கையே பாருங்க. எந்தக் கை விரலை ஆட்டுறேன்னு சொல்லுங்க." அவருக்கு வலப்பக்கம் இருந்த விரலை ஆட்டினால் சொன்னார், இடப்பக்கம் இருந்த விரலை ஆட்டினால் சும்மா இருந்தார் என்றுதான் அக்கா பிறகு விவரித்தாள். இரண்டையும் ஆட்டியபோது ஒன்றைத்தான் சொன்னாராம்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா அத்தானையும் அக்காவையும் இளையவளையும் உட்காரவைத்துச் சொன்னார். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மூளையோட பின்பக்கம், பார்வைக்கான இடத்துல ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நடந்து சில வாரம் ஆகியிருக்கலாம். எதைப் பார்த்தாலும் இடப்பக்கப் பாதி இவருக்குக் கிடையாது. கறுப்பா தெரிஞ்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு. அங்க ஒண்ணுமே இல்லாததால, எல்லாம் சரியா இருக்குன்னு மூளை தானா நிரப்பிக்குது. கொஞ்சம் திரும்பலாம். முழுசா திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். வண்டி மட்டும் இனி தொடக்கூடாது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் தன்னை வெறுக்கவில்லை என்று தெரிந்த நிம்மதியும் அந்த அழுகையில் கலந்திருந்தது; அதற்காக அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அத்தான் டாக்டரம்மாவோடு வாதாடினார். நான் முப்பது வருஷமா ஓட்டுறேன், வளைவெல்லாம் மனப்பாடம், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால் போதாதா என்று கேட்டார். "இவ என் எடத்துக்கு வரப் பார்க்கிறா," என்று இளையவளைக் காட்டி ஒரு வார்த்தையும் விட்டார். அவள் பொறுத்துக்கொண்டாள். சட்டென்று அவர் பேச்சு நின்றது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர்போல் மேசையையே வெறித்தார்.

"நம்ம பாப்பாவை நான்தானே தினம் பள்ளிக்கூடத்துல விடுறேன்," என்றார்.

அவர் மேசையின் இடது ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"பள்ளிக்கூட கேட் இடப்பக்கம்தான் இருக்கு. பிள்ளைங்க எல்லாம் அங்கதான் நிக்கும்."

அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை. சட்டைப்பையில் கிடந்த வீட்டு வண்டியின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். யார் கையிலும் கொடுக்கவில்லை. அக்கா வெளியே ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. குழந்தை வகுப்பில்தான் இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சில நாள் கழித்து அவரை வீட்டுக்கு அழைத்துவந்தது இளையவள்தான். அக்கா பின்னால் உட்கார்ந்தாள். அவர் முன்னால், இடப்பக்க இருக்கையில். ஒரு ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை; கால் அடிக்கடி இல்லாத பிரேக்கைத் தேடியது.

"அன்னிக்கு என்னைத் தாண்டினியே," என்றார். "எவ்வளவு வேகம்?"

சொன்னாள். அவர் மெல்ல விசிலடித்தார். "உனக்குத் தெரிஞ்சுதா அவ்வளவுன்னு?"

"இல்ல அத்தான். நம்பரைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"அதை எழுதிடு. மாப்பிள்ளையோட லட்சணம் அதுதான்." சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "என் பேரைப் போடாதே. நான் சொன்னதுல எது வண்டி, எது நான்னு எனக்கே தெரியல. போன இதழ்ல ஒரு வண்டியை ரோட்டுல நேரா நிக்கவே தெரியாதுன்னு கிழிச்சேன். அது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் சாலையைப் பார்த்தே ஓட்டினாள்.

நகரத்துக்குள் நுழைந்தபோது நெரிசல் கூடியது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே கடைகள், நடைபாதை, மனிதர்கள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

"இப்போ இந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார்.

"மருந்துக்கடை. வாசல்ல ஒருத்தர் ஸ்கூட்டர்ல உக்காந்திருக்காரு."

"எவ்வளவு பக்கத்துல?"

"தள்ளித்தான் இருக்காரு அத்தான்."

"ம்." சிக்னல் தாண்டியது. "இப்போ?"

"ஒரு அம்மா. கையில குழந்தை. ரோட்டைத் தாண்ட நிக்கிறாங்க."

"நிறுத்து. போகட்டும்."

அவள் நிறுத்தினாள். அந்த அம்மா வண்டிக்கு முன்னால் நடந்துவந்தாள். பாதி தூரம் வந்த பிறகுதான் அத்தானின் கண்ணில் பட்டாள். அந்த இடத்தில் அவருடைய உடம்பு திடுக்கிட்டு ஆடியதை இளையவள் பார்த்தாள். பின்னாலிருந்து அக்காவும் பார்த்தாள். அந்த அம்மா மறுபக்கம் ஏறிக் கூட்டத்தில் கலந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். இளையவள் கியரைப் போட்டாள்.

"இப்போ?" என்றார் அவர்.